முதல் போட்டிக்கு முன் ராடை எடை போட்டோம்

வரும் ஞாயிற்றுக்கிழமை கோவையில் நடக்கும் வலுதூக்கும் (பவர்லிஃப்டிங்) போட்டியில், நாற்பது வயதைக் கடந்த பெண்கள் பிரிவில், முதன்முறையாக மேடை ஏறுகிறேன். கோத்தகிரியில் எங்கள் ஜிம்முக்கு வரும் பெண்கள் சிலர் அடுத்த முறை தாங்களும் கலந்துகொள்ள விரும்புவதாகச் சொன்னதால், இந்த நான்கு மாதங்களில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றை எழுதுகிறேன். முதல் போட்டிக்குத் தயாராவதில், பலத்தைக் கூட்டுவதைவிட, இருக்கும் பலம் உண்மையில் எவ்வளவு என்று அறிந்துகொள்வதே பெரிய வேலை.

பலரும் இதைப் பளுதூக்குதல் என்றே நினைக்கிறார்கள். இதில் தலைக்கு மேல் தூக்குவது கிடையாது. எடை ஏற்றிய ராடைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், பெஞ்சில் படுத்து நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்புகள் உண்டு. மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்குக் காட்டினால்தான் அந்த எடை கணக்கில் சேரும்.

ஸ்குவாட்டில் 85 கிலோ தூக்குகிறேன் என்று ஓராண்டாக நம்பியிருந்தேன். போட்டி ராடு 20 கிலோ, பிளேட்டுகளை இறுக்கும் காலர்கள் தலா 2.5 கிலோ என்று விதிகளில் படித்தபோது எங்கள் ராடின் மேல் சந்தேகம் வந்தது. அக்கா மகளும் நானுமாக அதைத் தூக்கிக்கொண்டு போய், பச்சைத் தேயிலை எடை போடும் தராசில் வைத்தோம். 16.5 என்று காட்டியது. "சித்தி, எடுத்துட்டு மறுபடி வைப்போம்" என்றாள். வைத்தோம், அதே 16.5. ராடை 20 கிலோ என்று வைத்துக் கூட்டிய என் 85 அங்கேயே 81.5 ஆயிற்று.

அதோடு முடியவில்லை. ஸ்குவாட்டில் உட்காரும்போது, இடுப்பு மடியும் இடத்தில் தொடையின் மேற்பரப்பு முழங்காலின் மேற்பகுதியைவிடத் தாழ்ந்தாக வேண்டும். பக்கவாட்டில் முழங்கால் உயரத்தில் கைபேசியை வைத்துப் படம் பிடித்தால், நான் இறங்கும் ஆழம் இரண்டு விரற்கடை போதாமல் இருந்தது. முறையாக உட்கார்ந்து எழுந்தபோது 75 கிலோதான் வந்தது. அன்று அழுகை வந்தது உண்மைதான். ஆனாலும் அந்த 75 மேடையிலும் செல்லும் எடை என்பதால், என் கணக்கை அதிலிருந்தே தொடங்கினேன்.

பெஞ்ச் பிரஸ்ஸில் தொல்லை வேறு வகையானது. 'ஸ்டார்ட்' என்ற பிறகே ராடை இறக்க வேண்டும். நெஞ்சின் மேல் அது அசையாமல் நின்ற பின் நடுவர் 'பிரஸ்' என்பார். மேலே நீட்டி நிறுத்திய பின் 'ராக்' என்பார். அக்கா மகளை நடுவராக நிறுத்திப் பழகிய முதல் நாள், மூன்று முறையும் அவள் வாய் திறப்பதற்குள் தள்ளிவிட்டேன். மேடையில் அது மூன்று சிவப்பு விளக்கு. மூன்று வகைத் தூக்கில் ஏதாவது ஒன்றில் மூன்று வாய்ப்பும் வீணானால், மூன்றையும் கூட்டும் மொத்தக் கணக்கிலிருந்தே வெளியேற வேண்டியதுதான். அதனால்தான் முதல் வாய்ப்பை, தூக்கமில்லாத நாளிலும் தூக்கக்கூடிய எடையில் வைக்க வேண்டும் என்கிறேன். ஸ்குவாட்டை 67.5 கிலோவில் தொடங்குகிறேன்.

என் உடல் எடை 64.3 கிலோ. இரண்டு நாள் தண்ணீரைக் குறைத்தால் 63 கிலோ பிரிவுக்குள் வந்துவிடலாம் என்று பயிற்சியாளர் ஒருவர் வற்புறுத்தினார். முதல் முறை மேடை ஏறுபவரிடம் இப்படிச் சொல்வது தவறு என்றே நினைக்கிறேன். மலைப்பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டு இறங்கி, கோவை வெயிலில் நாவறண்டு நின்றுவிட்டு, எந்தப் பலத்தோடு தூக்குவது? 69 கிலோ பிரிவிலேயே பெயர் கொடுத்திருக்கிறேன்.

காலை ஐந்தரைக்கு எங்கள் ஜிம்மில் ராடைப் பிடித்தால், அதன் சொரசொரப்பு பனிக்கட்டிபோல் உள்ளங்கையைக் கடிக்கும். உடம்பு சூடேற அரை மணி நேரம் பிடிக்கும். கீழே அவ்வளவு தேவைப்படாது, வியர்வையில் பிடிதான் நழுவும். போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே உடல் எடை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்பதால் சனிக்கிழமையே இறங்கி, மேட்டுப்பாளையத்தில் அத்தை வீட்டில் தங்குகிறோம். அதுவரை 50 கிலோவுக்கு மேல் தொடப்போவதில்லை. மாலையில் வெறும் ராடோடு, 'ஸ்டார்ட்', 'பிரஸ்', 'ராக்' மட்டும்தான். நேற்று அக்கா மகள் வேண்டுமென்றே மூன்று விநாடி தாமதித்தாள், நான் காத்திருந்தேன்.