மினியேச்சர் என்ற பெயர் அளவால் வந்ததல்ல

சிவப்புக் கோட்டு அணிந்த 18-ஆம் நூற்றாண்டுப் படை அதிகாரியின் உள்ளங்கை அளவு ஓவியத்தோடு ஒரு செய்தி பரவுகிறது: "சிறியது என்பதால் இதற்கு மினியேச்சர் என்று பெயர், மூலையிலுள்ள 'ஐ' (I என்ற ஆங்கில எழுத்து) அதிகாரியின் முதலெழுத்து." இரண்டுமே தவறு.

ஈயச் செந்தூரத்தைக் குறிக்கும் 'மினியம்' என்ற லத்தீன் சொல்லே மூலம். பழைய ஏடுகளில் எழுத்துகளைச் சிவப்பில் தீட்டிய வேலையிலிருந்து பிறந்த பெயர் அது. 'சிறியது' என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது.

'ஐ' விஷயம்தான் எனக்கு மிகவும் நெருக்கமானது. ஓவியர் ஜான் ஸ்மார்ட் 1785 முதல் 1795 வரை சென்னையில் இருந்தவர். ஆர்க்காட்டு நவாப் முகமது அலியையும் படை அதிகாரிகளையும் மெல்லிய தந்தத் தகட்டில் நீர்வண்ணத்தால் வரைந்தார். அக்காலப் படங்களில் தம் முதலெழுத்துகள், ஆண்டு ஆகியவற்றோடு 'ஐ' என்றும் எழுதினார். அது இந்தியாவைக் குறிக்கும் எழுத்து.