தலைவர் மாறினால் பேச்சு நின்றுவிடுமா?

வட கொரியாவில் அடுத்த தலைவர் யார் என்று தெரியும்வரை அதனுடன் அணு ஆயுதப் பேச்சு நடத்திப் பயனில்லை என்று ஒரு கட்டுரையில் வாதிடுகிறார் அதன் ஆசிரியர். 1994-இல் நடந்தது நேர் எதிர். அந்த ஜூனில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் வட கொரியத் தலைநகர் பியோங்யாங் போய் அப்போதைய தலைவர் கிம் இல் சுங்கைச் சந்தித்து, போர் வரை போயிருந்த அணுச் சிக்கலைத் தணித்தார். தென் கொரிய அதிபருடன் உச்சி மாநாட்டுக்குக்கூட நாள் குறித்தாயிற்று. ஜூலை 8 அன்று கிம் இல் சுங் இறந்தார். மகன் கிம் ஜோங் இல் தாக்குப்பிடிப்பாரா என்று உலகமே சந்தேகப்பட்டது. ஆனாலும் அக்டோபர் 21 அன்று ஜெனீவாவில் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகி, வட கொரியாவின் யோங்பியோன் அணு உலை நிறுத்தப்பட்டது.

சரி, 2012 வேறு கதை. கிம் ஜோங் இல் இறந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், பிப்ரவரி 29 அன்று அமெரிக்க உணவு உதவிக்கு ஈடாக அணு, ஏவுகணைச் சோதனைகளை நிறுத்த வட கொரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஏப்ரலில் ராக்கெட்டை ஏவினார்கள். அது விழுந்தது, கூடவே ஒப்பந்தமும் போயிற்று. இதை வாரிசுக் குழப்பம் என்று மட்டும் சொல்ல முடியுமா? புதிய தலைவர் கிம் ஜோங் உன்னின் தாத்தா கிம் இல் சுங்கின் நூற்றாண்டு விழாவுக்கு ஏவியே தீரவேண்டும் என்ற கணக்கு அது.

கட்டுரை தொடாத ஒன்று வட கொரியாவின் 2022 செப்டம்பர் அணு ஆயுதச் சட்டம். தலைமைக் கட்டளை அமைப்பு தாக்கப்பட்டால் அணு ஆயுதத் தாக்குதல் தானாகவே, உடனே நடக்கும் என்கிறது அது. அப்போது அந்தக் கட்டளையை நிறைவேற்றப்போவது யார்? அடுத்த வாரிசு யார் என்று கிம் ஜோங் உன்னின் மகள் ஜூ ஏவின் புகைப்படங்களை அலசுவதைவிட இதைத்தான் கேட்டிருக்கவேண்டும்.