மறக்கச் சொன்னது எதை?

சனிக்கிழமை நம் சிங்கப்பூர் தேசிய தின விருந்தில் நடந்ததைப் பற்றி, நம் அடுக்குமாடி புளோக் வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: நாங்கள் பதிவு செய்திருந்த ஹலால் மேசை விருந்தில் இல்லை, எங்கே என்று கேட்டதற்கு ஒரு அண்ணன் கிண்டல் செய்தார். குழுவில் பதில் சொல்லாமல் இங்கே வந்து எழுதுகிறேனே என்று கோபப்பட வேண்டாம். அங்கே மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்துவிட்டேன்.

அந்த அண்ணன் சொன்னது மட்டும் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. “இப்பதானே எல்லாரும் நெஞ்சுல கை வெச்சு, இனம், மொழி, மதம் ஆகிய வேற்றுமைகளை மறந்துன்னு சொன்னோம்? அஞ்சு நிமிஷம் ஆகல, ஹலால் மேசை எங்கன்னு வந்து நின்னா எப்படி?” பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். என் அம்மா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

அண்ணே, நம் தேசிய உறுதிமொழி மதத்தை மறக்கச் சொல்லவில்லை. மதத்தை வைத்து ஆளைப் பிரிப்பதை மறக்கச் சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

நம் உறுதிமொழி நான்கு மொழிகளில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘பொருட்படுத்தாமல்’ என்பது போன்ற சொல். மலாயில் ‘திடாக் கிரா’, அதாவது கணக்குப் பார்க்காமல். சீனத்தில் ‘பிரிக்காமல்’. தமிழில் மட்டும்தான் ‘மறந்து’. ஆக, இந்த நகைச்சுவையை மற்ற மூன்று மொழிகளில் சொல்லியிருக்கவே முடியாது. ஒரு தமிழர் இன்னொரு தமிழரிடம் தமிழில் மட்டுமே சொல்லக்கூடியது இது. என்ன கொடுப்பினை பாருங்கள்.

‘மறந்து’ தவறான சொல் என்று நான் சொல்லவில்லை. 1966 பிப்ரவரியில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம் எழுதிய ஆங்கில வரைவிலேயே வேற்றுமைகளை ‘மறக்க’ உறுதி எடுப்போம் என்றுதான் இருந்தது. பிறகு ஆங்கிலத்தில் அந்தச் சொல் போய்விட்டது, தமிழில் இருக்கிறது. அவர் அதை எழுதிய காலத்தையும் பார்க்க வேண்டும். 1964 ஜூலை 21, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய கலவரத்தில் 23 பேர் செத்தார்கள். செப்டம்பரில் மறுபடியும். அடுத்த வருடம் நாடே மலேசியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. அதையெல்லாம் கண்ணால் பார்த்தவர் ‘மறப்போம்’ என்று எழுதினால் எனக்குப் புரிகிறது. மறக்க வேண்டிய ரத்தம் அது. என் அம்மாவின் சாப்பாட்டுத் தட்டு அந்தப் பட்டியலில் எப்போது சேர்ந்தது?

இன்னொன்று. அந்த வரியில் இனம் முதலில் வருகிறது, மொழி இரண்டாவது, மதம் மூன்றாவது. மறப்பதென்றால் மூன்றையும்தானே மறக்க வேண்டும்? ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழாவில் முதல் வரிசையில் வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருந்தது யார்? லிஃப்ட் அறிவிப்பில் தமிழ் எழுத்து பிழையாக இருக்கிறது என்று குழுவில் நான்கு நாள் சண்டை போட்டது யார்? (அந்தச் சண்டையில் நானும் உங்கள் பக்கம்தான் நின்றேன்.) மொழி என்றால் உரிமை, மதம் என்றால் மறதி. நல்ல கணக்கு.

ஒரு பழைய கதை. எண்பதுகளில் தொடக்கப்பள்ளியில் எனக்கு ஒரு சீன நண்பன். நோன்பு மாதத்தில் இடைவேளை மணி அடித்ததும் இரண்டே நிமிடத்தில் ரொட்டியை விழுங்கிவிட்டு, வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டு, நான் உட்கார்ந்திருக்கும் நூலகத்துக்கு ஓடி வருவான். யாரும் சொல்லித்தரவில்லை. ஒருநாள் மட்டும் மறந்துபோய் மிட்டாயை நீட்டினான், நானும் மறந்துபோய் வாயில் போட்டுவிட்டேன். இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் நூலக ஆசிரியை வெளியே அனுப்பிவிட்டார். மறதியில் சாப்பிட்டால் நோன்பு முறியாது என்று அன்றிரவு அத்தா சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. மறுநாள் அவனிடம் சொன்னேன், அவனுக்கும் வந்தது. தினமும் காலையில் நானும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அதே உறுதிமொழியைச் சொன்னவர்கள்தான். அவன் என் நோன்பை நினைவில் வைத்திருந்தான், அதனால்தான் நாங்கள் ஒன்றாக இருந்தோம்.

எங்கள் மார்க்கத்தில் மறதிக்கு மன்னிப்பு உண்டு, அண்ணே. நீங்கள் சொன்னது மறதியில் சேராது.

சரி, கேள்விகள் வரும். “ஒரு வேளை சாப்பாட்டுக்கு இவ்வளவு நீளமா?” ஆமாம். பதிவுத் தாளில் ‘ஹலால்’ கட்டத்தில் டிக் போட்டு, பணமும் கட்டி வந்தவர்கள் நாங்கள். சைவ மேசை இருந்தது. இருக்கத்தான் வேண்டும், அவர்களோடு எனக்கென்ன வழக்கு? ஆனால் அவர்களிடம் யாரும் உறுதிமொழியை ஒப்பிக்கவில்லை. மேசை விட்டுப்போயிற்று, மன்னியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பதிவே கிடையாது.

“அப்போ உறுதிமொழியில் கடவுளையும் சேர்க்கச் சொல்வீர்களா?” மாட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில், 1970 முதல், ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடுகளில் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். அது அவர்கள் நாடு. ஐந்து வேளை தொழுகிற நான் சொல்கிறேன், நம் உறுதிமொழியில் கடவுள் வேண்டாம். நம்பிக்கை இல்லாத என் நண்பர்கள் அப்புறம் எப்படி நெஞ்சில் கை வைப்பார்கள்?

“உறுதிமொழி வெறும் இலட்சியம்தானே, 2009-ல் நாடாளுமன்றத்திலேயே லீ குவான் யூ எழுந்து சொல்லவில்லையா?” சொன்னார். இலட்சியம் என்றால் அதை நோக்கி நடக்க வேண்டும், அதை எடுத்து அடுத்தவன் தலையில் போடக்கூடாது.

பொது இடத்தில் மதம் கூடிக்கொண்டே போகிறது என்று ஒரு தம்பி தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். இன்றைக்கு அதைப் பேச எனக்கு மனசு இல்லை.

உண்மையில் சுட்டது சாப்பாடு இல்லை. நான் பிறந்தது இங்கேயே, கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். இந்த ஐம்பது வயதிலும் என்னிடம் மலாயில் பேச ஆரம்பிக்கிறவர்கள் உண்டு, பரவாயில்லை, தெரியாதவர்கள். ஆனால் தெரிந்த தமிழர்களே “உங்க தமிழ் ரொம்ப நல்லா இருக்கே” என்று வியப்பார்கள் பாருங்கள், அதற்கு என்ன முகம் காட்டுவதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வேற்றுமையை மறக்க நாங்கள் எப்போதோ தயார். எங்களுக்கு அதை ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பது யார்?

அம்மா அன்றைக்கு ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டு, கடைசிப் பாட்டு வரைக்கும் கொடியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும், அடுத்த வருடம் போக வேண்டாம்மா என்றேன்.

“ஏன் போகாம? வீட்டுல சாப்ட்டுட்டுப் போவோம்” என்றார்.