திரும்பி வரும் அஞ்சல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, சிறு கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். மூன்று வாரங்களாக நான் அனுப்பும் மின்னஞ்சல்கள் எல்லாம் "550 5.7.1" என்ற எண்ணோடு, அதாவது ஏற்க மறுக்கப்பட்டு, திரும்பி வந்தன. அஞ்சல் என்னிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் பதிவையும் டிகிம் கையொப்பத்தையும் இரவெல்லாம் சரிபார்த்தேன், இரண்டிலும் குறையில்லை. சேவையகத்தை வாடகைக்குத் தந்த நிறுவனமோ, என் சேவையகத்தின் இணைய எண்ணான ஐபி முகவரி, குப்பை அஞ்சல் அனுப்புவோரின் தடைப்பட்டியலில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, மேல்விவரம் வேண்டுமென்றால் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னது. எதைக் கொண்டு அனுப்புவதாம்?

கடைசியில் பார்த்தால் ஓட்டை என் வீட்டில்தான். பிழை தெரிவிக்கும் படிவத்தை நிரப்புபவருக்கு, அவர் எழுதியதையும் சேர்த்து, "உங்கள் புகார் கிடைத்தது" என்று தானாகப் பதில் போகும்படி நானே அமைத்திருந்தேன். தானியங்கி நிரல்கள் யாரோ ஒருவருடைய மின்னஞ்சல் முகவரியையும் சூதாட்ட இணைப்பையும் அதில் இட்டுவிட, என் சேவையகம் அந்தக் குப்பையை மிக மரியாதையாக வீடு வீடாகக் கொண்டு சேர்த்திருக்கிறது.

தானியங்கிப் பதிலை நிறுத்தினேன். மனிதர் கண்ணுக்குத் தெரியாத, நிரல்கள் மட்டும் நிரப்பும் வெற்றுக் கட்டம் ஒன்றை வைத்து, அது நிரம்பி வரும் படிவங்களை நிராகரித்தேன். ஒரு ஐபி முகவரியிலிருந்து மணிக்கு 5 படிவங்களுக்கு மேல் ஏற்பதில்லை. தடைப்பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கெஞ்சியது தனிக்கதை.

இத்தனைக்கும், உண்மையான பிழையைக் கண்ட மளிகைக்கடை அண்ணன் அந்தப் படிவத்தைத் தொடவே இல்லை. நான் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது ரசீதை மேசையில் வைத்து, "தம்பி, 5 சென் இடிக்குது, பாரு" என்றார்.