கையேட்டில் எழுதியிருப்பதை ஊற்றுங்கள்

ஞாயிற்றுக்கிழமை பழைய கார் நண்பர்களோடு போன ஆரல்வாய்மொழிப் பயணத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எனக்கு 'எஞ்சின் ஆயில் அண்ணாச்சி' என்று பட்டப்பெயர் வைத்து, அதை நேற்று இரவுவரை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பட்டப்பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். நான் சொன்னது சரி.

வழியில் ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் சுற்றைக் குறைக்க கியர் பாக்ஸின் பின்னால் பொருத்தும் கூடுதல் கியர்) வேலை செய்யாமல் போன அந்தச் சிவப்பு எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதன் கியர் பாக்ஸில் எஞ்சின் ஆயில்தான் ஊற்ற வேண்டும். இது என் கண்டுபிடிப்பு அல்ல. காரைத் தயாரித்த நிறுவனமே கையேட்டில் அச்சடித்திருக்கிறது. எஞ்சினுக்கு எந்த எண்ணெயோ அதுவே கியர் பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும். அதே லேகாக் நிறுவனத்தின் ஓவர்டிரைவ் பொருத்தப்பட்ட ட்ரையம்ஃப் டிஆர்6 காரின் கையேடோ ஹைப்பாய்டு 90 என்ற கியர் எண்ணெயை ஊற்றச் சொல்கிறது. ஓவர்டிரைவ் ஒரே கம்பெனியுடையது, எண்ணெய் வேறு. அதனால்தான் கையேட்டைப் பாருங்கள் என்கிறேன். உங்கள் மைத்துனர் வைத்திருக்கும் காரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நம்மவர்கள் ஊற்றியது என்ன? ஜிஎல்-5 தரக் கியர் எண்ணெய், அதிலும் 140 என்ற தடித்த ரகம். பழைய கியர் பாக்ஸ்களுக்கு ஏற்றது ஜிஎல்-4. ஏன் என்று கேட்டால், "நாலைவிட ஐந்து பெரியது அல்லவா அண்ணாச்சி?" அந்தக் கணக்குப்படி பார்த்தால் கால் எட்டாம் நம்பர்காரன் பத்தாம் நம்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடலாம். ஜிஎல்-5 என்பது ஜிஎல்-4இன் புதிய பதிப்பு அல்ல. கிரவுன் பல்லும் பினியனும் ஒன்றன்மீது ஒன்று வழுக்கி உராயும் பின் அச்சு ஹவுசிங்குக்காக வந்த எண்ணெய் அது. கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த வேதிப்பொருள் அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். எஃகுக்கு அது காவல். பழைய கியர் பாக்ஸில் கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை, வெண்கல சின்க்ரோ வளையங்களுக்கோ அதுவே எமன். படலமாக ஒட்டிக்கொண்டு, உரியும்போது உலோகத்தையும் சேர்த்து உரித்துவிடும்.

"இப்போது வரும் ஜிஎல்-5 பித்தளையை அரிப்பதில்லை" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சில வகைகள் அப்படி இருக்கலாம். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டா வாங்கினீர்கள்? இல்லையல்லவா? பிறகென்ன பேச்சு.

"எஞ்சின் ஆயில் தண்ணீர் மாதிரி இருக்குமே, நம் ஊர் வெயிலுக்குத் தாங்குமா?" இது அடுத்த கேள்வி. எஞ்சின் எண்ணெயின் எண்ணும் கியர் எண்ணெயின் எண்ணும் வெவ்வேறு அளவுகோல்கள். நூறு டிகிரி செல்சியஸில் எஞ்சின் எண்ணெய் 50இன் பிசுக்குமை 16.3இலிருந்து 21.9 சென்டிஸ்டோக் வரை. கியர் எண்ணெய் 90க்கு இன்றைய அளவு 13.5இலிருந்து 18.5 வரை. எது தண்ணீர்? கையேடு சொல்லும் 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில் ஏறக்குறைய அந்த 90க்குச் சமமாகவே நிற்கும். பள்ளிக்கூடத்தில் அங்குலத்தையும் சென்டிமீட்டரையும் குழப்பினால் ஆசிரியர் காதைத் திருகுவார். இங்கே கைதட்டுகிறார்கள்.

ஓவர்டிரைவ் அன்று வேலை செய்யாததற்கு எண்ணெய் வகையைவிட அளவுதான் முதல் காரணம் என்பது என் முடிவு. வடிகட்டியைக் கழுவுவதற்காக ஓவர்டிரைவின் அடி மூடியையும் திறந்து முழுவதையும் வடித்திருக்கிறார்கள். நல்ல காரியம். பிறகு கியர் பாக்ஸை டிப்ஸ்டிக் கோடு வரை நிரப்பி மூடிவிட்டார்கள். இரண்டுக்கும் எண்ணெய் பொது. வண்டி ஓடும்போதுதான் ஓவர்டிரைவ் தன் பங்கை இழுத்துக்கொள்ளும், மட்டம் இறங்கும். ஆகவே கொஞ்ச தூரம் ஓட்டி, சமதரையில் நிறுத்தி, மறுபடியும் பார்த்து ஊற்ற வேண்டும். நான்கு கியருக்கும் சின்க்ரோ உள்ள கியர் பாக்ஸுக்கு ஓவர்டிரைவ் இல்லாவிட்டால் மூன்று லிட்டர், இருந்தால் சுமார் 3.4 லிட்டர். எண்ணெய் குறைந்தால் ஓவர்டிரைவின் பம்ப் காற்றையும் நுரையையும் உறிஞ்சும். அழுத்தம் ஏறாது. ஓவர்டிரைவை இணைக்கும் கூம்பு கிளட்ச் நகராது. சுவிட்சைத் தட்டித் தட்டி விரல் தேய்வதுதான் மிச்சம்.

களியக்காவிளைப் பக்கம் போயிருந்தால் இது வெளியே தெரிந்தே இருக்காது. அந்த நெரிசலில் ஓவர்டிரைவ் போட இடம் ஏது? ஆரல்வாய்மொழி தாண்டி, முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே சாலை விரிந்ததும் குட்டு வெளிப்பட்டது. உடனே "சோலனாய்டு போய்விட்டது, லண்டனிலிருந்து வரவழைக்க வேண்டும்" என்று தீர்ப்பு. ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தச் சாதனம்தான் அது. முதலில் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள் என்றேன். அப்போதுதான் அந்தச் சிரிப்பு. "சாமான் கடைக்காரர் ஆயில் விற்கப் பார்க்கிறார்."

என்னோடு ஒரே இலையில் சாப்பிட்டவர் சொன்ன வார்த்தை அது. பெயர் வேண்டாம், அவருக்குத் தெரியும்.

ஆமாம், வடசேரியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைதான் வைத்திருக்கிறேன். எனக்குச் சொந்தமாகப் பழைய கார் கிடையாது. கார் இல்லாதவன் கையேடு படிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா? என் சித்தப்பா கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டியவர். ஜீப் அவருடையதா என்ன? திருவிதாங்கூர் காலத்தில் மலையாளப் பள்ளியில் படித்தவர், ஆங்கிலம் தெரியாது. எஸ்டேட் ரைட்டரை உட்காரவைத்துக் கையேட்டை வாசிக்கச் சொல்லி, எந்தப் பிளக்கில் எந்த எண்ணெய் என்று மலையாள எழுத்தில் நோட்டில் குறித்துக்கொண்டார். கியர் பாக்ஸ் எண்ணெய் டப்பாவுக்குப் பச்சைப் பெயின்ட், ஹவுசிங் டப்பாவுக்குச் சிவப்பு. மாற்றி ஊற்றிய கிளீனரை அன்று முழுவதும் சாப்பிடக்கூட விடவில்லை. அவரைப் பார்த்து யாரும் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இன்று எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, கையேடு முழுவதும் அதிலேயே கிடைக்கிறது. அதைத் திறக்க ஆளில்லை, என்னைக் கேலி செய்ய மட்டும் நேரமிருக்கிறது. வயதில் மூத்தவன் சொன்னால் பழமைவாதம், அதையே வெள்ளைக்காரன் வீடியோவில் சொன்னால் தொழில்நுட்பம். கடைக்கு வந்து கடனுக்குக் கேட்கும்போது மட்டும் நான் அண்ணன்.

"அண்ணன் வருத்தத்தில் எழுதுகிறார்" என்பீர்கள். வருத்தம்தான். அதற்காகப் பித்தளை எஃகாகிவிடாது.

காரின் உரிமையாளர் நல்ல மனிதர், அன்று வாய் திறக்காமல் நின்றார். அவருக்காகச் சொல்கிறேன். கியர் பாக்ஸ் பிளக்கையும் ஓவர்டிரைவின் அடி மூடியையும் திறந்து அந்த 140ஐ முழுவதும் வடியுங்கள். வடிகட்டியை மறுபடியும் கழுவுங்கள். 20டபிள்யூ-50 ஊற்றி, ஓட்டி, மட்டம் பாருங்கள். வழுக்கலுக்கென்று விற்கும் எந்தக் கலவையும் சேர்க்க வேண்டாம், கூம்பு கிளட்ச் பிடிக்காமல் போகும். ஓவர்டிரைவ் விடாமல் சிக்கிக்கொண்டால் ரிவர்ஸ் போடவே போடாதீர்கள், உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் நொறுங்கிவிடும். இவ்வளவுக்குப் பிறகும் இழுக்கவில்லையென்றால் சோலனாய்டைப் பார்க்கலாம்.

எண்ணெயை எந்தக் கடையில் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள். என் கடையிலும் இருக்கிறது. ஒரே இலை நண்பர் வந்தால் அவருக்கும் உண்டு, ரொக்கத்துக்கு மட்டும்.