சியெனாவுக்கு ஒரு மணி நேரமா?

இத்தாலியின் ஃபுளோரன்ஸிலிருந்து பேருந்தில் கிளம்பும் ஒருநாள் சுற்றுலாக்களை நினைத்தாலே வயிறு எரிகிறது. சியெனா நகரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம்; அதில் பாதி, வண்டி நிற்கும் இடத்திலிருந்து நடந்தே போய்விடும். நகரசபை மாளிகைக்குள் 1338-39இல் லோரென்செட்டி தீட்டிய நல்லாட்சிச் சுவரோவியம் இருக்கிறது. அதற்கு நேரமில்லையாம்! காம்போ சதுக்கத்தின் செங்கல் தரையில் ஐந்து நிமிடம் உட்காரக்கூட விடாமல் அப்படி என்ன அவசரம்? அப்புறம் கியாந்தி திராட்சைத் தோட்டத்தில் சாப்பாட்டுக்கு மட்டும் இரண்டரை மணி நேரம். நாலு வாய் பாஸ்தா, ஐந்து கிளாஸ் ஒயின், பெட்டி பெட்டியாக வாங்கச் சொல்லி நச்சரிப்பு. சான் ஜிமிஞானோ என்ற சிற்றூரில் ஒருகாலத்தில் 70க்கு மேல் இருந்த கோபுரங்களில் இன்று 14தான் மிச்சம். அவற்றை எண்ணி முடிப்பதற்குள் வண்டிக்குக் கூப்பிடுகிறார்கள். ஒன்றிலாவது ஏற விடக் கூடாதா?