"வெளியில கட்டிப் போட்டுக்கோங்க" என்று ஓனர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் நாயோடு வாடகை வீடு தேடுகிறவர்களிடம் வீட்டு ஓனர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "நாய் இருக்கட்டும்மா, வீட்டுக்குள்ள மட்டும் விடாதீங்க. வெளியில கட்டிப் போட்டுக்கோங்க." கேட்டதும் நிம்மதியாகத்தான் இருக்கும். வீடும் கிடைத்தது, நாயையும் விட வேண்டியதில்லை. கோயம்புத்தூரிலோ ஈரோட்டிலோ இதற்குத் தலையாட்டலாம். நீலகிரியில் கூடாது.

தேயிலைக்காடும் சோலையும் வீடும் ஒட்டி ஒட்டிக் கிடக்கிற மலை இது. இரவில் இங்கே வாசலில் கட்டிய நாய் சிறுத்தைக்கு வைத்த தீனி. அவிழ்த்துவிட்ட நாய்க்காவது ஓடவோ எதற்கடியிலாவது பதுங்கவோ வழி உண்டு. கட்டிய நாய்க்கு சங்கிலியின் நீளம்தான் உலகம். ஆறடிச் சுவரை சிறுத்தை அநாயாசமாகத் தாண்டும். விடிந்து கதவைத் திறந்தால் தூணில் சங்கிலியும் அதன் நுனியில் கழுத்துப்பட்டையும் கிடக்கும், அவ்வளவுதான். ஊட்டி, தலைகுந்தா பக்கம் டிசம்பர், ஜனவரியில் விழும் உறைபனி தனி. புல் வெள்ளையாகிக் கிடக்கும் ராத்திரியில், முடி குறைந்த நாட்டு நாயோ ராஜபாளையமோ வெளியே படுத்தால் விடியும்போது எழுந்து நிற்கவே சிரமப்படும்.

ஓனரிடம் பேசும்போது "பாவம், குளிரும்" என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்குப் புரிகிற நியாயம் வேறு. ஒரு வாசலில் ஒருமுறை நாய் கிடைத்துவிட்டால் சிறுத்தை அந்த வாசலுக்குத் திரும்ப வரும். அந்த வாசலில்தான் ஓனரின் பேரப்பிள்ளை விளையாடுகிறது, அந்த வழியாகத்தான் பக்கத்து வீட்டு அக்கா விடிகாலையில் பால் வாங்கப் போகிறார். வெளியே கட்டிய நாய் வீட்டுக்குக் காவல் இல்லை, சிறுத்தைக்கு வழி காட்டுவது. இதை நிதானமாகச் சொன்னால் கேட்கிற ஓனர்கள் இருக்கிறார்கள். மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாம் விளக்கவே வேண்டியதில்லை, நினைவுபடுத்தினால் போதும்.

வெளியே கூண்டு கட்டிக்கொள்ளலாமே என்பார்கள். கோழிவலை போட்ட கூண்டு வெறும் கண்துடைப்பு. இரும்புக் கம்பி கிரில், மேலேயும் அதே கிரில், அதன்மேல் தகரம், கீழே சிமெண்ட் தளம், உள்ளிருந்து நாய்க்குத் தாழ்ப்பாள் எட்டாத கதவு என்று கட்டினால் உயிர் தப்பும். ஆனால் கூண்டைச் சுற்றி சிறுத்தை நடந்தால் நாய் விடிய விடியக் கத்தும், மறுநாள் தெருவே ஓனரிடம் போய் நிற்கும். ஆகவே நாய் இரவில் வீட்டுக்குள் தூங்க வேண்டும். பேரம் பேச வேண்டியது அதற்குத்தான். அது கிடைக்க வேண்டுமென்றால் ஓனர் எதற்குப் பயப்படுகிறார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவருடைய பயம் நியாயமானது. மலை வீடு காய்வதே இல்லை. ஊட்டி, கூடலூரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை, குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜன்னலை மாதக்கணக்கில் சாத்தியே வைத்திருப்போம். சுவரில் ஓதம் ஏறும், மூலையில் பூசணம் பிடிக்கும். இதில் ஈர நாயின் வாடையும் சேர்ந்தால் வீட்டை அடுத்தவருக்கு விடவே முடியாது.

பழைய பங்களாக்களின் பலகைத் தரைதான் எல்லாவற்றிலும் மோசம். இரண்டு பலகைக்கும் நடுவில் ஒரு நூல் அளவு இடுக்கு இருக்கும். நாய் மூத்திரம் போனால் மேலே இருப்பதைத் துடைத்துவிடுவோம், இடுக்கில் இறங்கியது பலகையின் அடிப்பக்கம் ஊறும். மாடி என்றால் கீழ்வீட்டுக் கூரையில் மஞ்சளாகத் தெரியும். பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் இன்னும் கெடுதல், பலகை உப்பிக்கொள்ளும். செய்ய வேண்டியது: பழைய துணியை மடித்து வைத்து அழுத்தி உறிஞ்ச வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்ஸைம் கிளீனரை இடுக்கோடு நனையும்படி விட்டு, 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, மறுபடி ஒற்றியெடுக்க வேண்டும். சுடுதண்ணீர் வேண்டாம். அமோனியா கலந்த கிளீனர் அறவே கூடாது. அந்த வாடை மூத்திர வாடை மாதிரியே இருப்பதால் நாய் அதே இடத்துக்குத் திரும்பும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைக்கச் சொல்வார்கள். டைல்ஸ் தரைக்கு அது சரி. ரெட் ஆக்ஸைடு தரையிலும் மொசைக்கிலும் வினிகர் பட்டால் பளபளப்பு அரித்துப் போகும், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். பலகைத் தரை வீட்டுக்குக் குடிபோனால் நாய் புழங்கும் அறையில் முதல் நாளே வினைல் ஷீட்டை ஒரே துண்டாக விரித்து, சுவரோரம் 3 அங்குலம் மேலே ஏற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை ஓரத்தைத் தூக்கிப் பார்த்து அடியில் ஈரம் இருந்தால் காயவிடுங்கள்.

இன்னொரு தொல்லை கதவு. நாய் பிறாண்டுவது கீழ் இரண்டடியில்தான். அந்த அளவுக்கு 2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் ஷீட் வெட்டி அடித்துவிட்டால் போதும். இரட்டைப் பக்க டேப் மலை ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாங்காது. ஓனரிடம் கேட்டுக்கொண்டு நான்கு மூலையிலும் சின்ன ஸ்க்ரூ போடுங்கள். காலி செய்யும்போது ஓட்டையை மரப் புட்டி வைத்து அடைத்துவிடலாம்.

வாடைக்கு வாசனை ஸ்பிரே மருந்தில்லை. வாசலில் ஒரு கோணிச்சாக்கும் இரண்டு பழைய துண்டும் நிரந்தரமாக இருக்கட்டும். முதல் துண்டு சேறுக்கு, இரண்டாவது ஈரத்துக்கு. விரல் இடுக்கு, காதின் பின்புறம், வயிறு மூன்றையும் விடாமல் துடையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு குளியல் போடுகிறவர்கள் வாடையைக் கூட்டிக்கொள்கிறார்கள், உள்முடி காயாமல் கிடந்து நாறும். 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை போதும், வெயில் உள்ள நாளாகப் பார்த்து. படுக்கையைத் தரையில் போடாமல் 4 அங்குல உயரக் கட்டையில், வெளிச்சுவரை ஒட்டாமல் போடுங்கள்.

கழிக்க விடுவதில் மலைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. கடைசி நடை இருட்டுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். படுக்கும் முன் ஒருமுறை என்றால் வாசல் லைட்டைப் போட்டு, டார்ச்சை நாலு பக்கமும் அடித்துப் பார்த்து, கயிறு கையில் இருக்க, கதவுக்கு நேர் எதிரே. நாயை மட்டும் வெளியே விட்டுவிட்டு உள்ளே நிற்காதீர்கள். ராத்திரி அவசரத்துக்கு 3 அடிக்கு 2 அடி பிளாஸ்டிக் தட்டில், நாய் வழக்கமாகப் போகும் இடத்து மண்ணையும் புல்லையும் வெட்டிவந்து நிரப்பி வராந்தாவின் உள்ளே வைத்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும். பகல் நடையிலும் கயிறு 6 அடிக்கு மேல் வேண்டாம். அவிழ்ந்த நாய் காட்டெருமையைப் பார்த்துக் குரைத்து, அது திருப்பித் துரத்தினால், நாய் ஓடிவருவது உங்களிடம்தான். மலத்தை அள்ள பிளாஸ்டிக் பை கூடாது. பழைய நியூஸ்பேப்பரும் சின்னக் கொத்துக் கரண்டியும் போதும், ஓடையிலிருந்து தள்ளி ஓரடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். தேயிலைச் செடிக்குள் நாயை விட்டு வராதீர்கள். காலையில் அந்த நிரைக்குள் இலை பறிக்க இறங்குகிறவர்கள் மனிதர்கள்.

குரைப்பைப் பற்றி ஓனர் கேட்டால் "அது குரைக்காது" என்று சொல்லாதீர்கள், குரங்கு வந்தால் எந்த நாயும் குரைக்கும். நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. போனில் ரெக்கார்டிங் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் வெளியே போய்வந்து கேளுங்கள். கிளம்பின அரை மணிக்குள் அடங்கினால் கவலையில்லை. விடாமல் ஊளையிட்டால் 2 நிமிடம், 5 நிமிடம், 15 நிமிடம் என்று பிரிவைப் படிப்படியாகப் பழக்க வேண்டும். பொதுச்சுவர் கொண்ட லைன் வீட்டில் இதைச் செய்யாமல் குடிபோவது பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்கிற அநியாயம்.

இத்தனையும் தயார் என்றால் பிறகு பேச்சு பேப்பருக்கு வர வேண்டும். நாயை மறைத்துக் குடிபோவது படுமுட்டாள்தனம். அக்ரிமெண்டில் இப்படி ஒரு வரி கேளுங்கள்: "தடுப்பூசி போடப்பட்ட, கருத்தடை செய்யப்பட்ட ஒரு நாயை வாடகைதாரர் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள உரிமையாளர் சம்மதிக்கிறார். நாயால் ஏற்படும் கீறல், கறை, வாடை ஆகியவற்றை வாடகைதாரர் காலி செய்யும்போது தன் செலவில் சரிசெய்வார்." "வீட்டுக்குள்" என்ற சொல் அதில் இல்லையென்றால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. 11 மாத அக்ரிமெண்ட் புதுப்பிக்கும்போது இந்த வரி விடுபட்டுப் போவது சர்வ சாதாரணம், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். குடிபோகும் அன்று கதவு, தரை, சுவர் மூலை எல்லாவற்றையும் தேதியோடு போட்டோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நீங்கள் வரும்போதே இருந்த பூசணத்துக்கு நாய் பொறுப்பில்லை. ரேபிஸ் ஊசி அட்டையின் நகலையும் கேட்காமலே கொடுங்கள். வெறிநாய்க்கடி ஊசிக்குப் பேர்போன பாஸ்டர் நிலையம் 1907 முதல் இருக்கிற குன்னூர் மலையில் ரேபிஸ் என்றால் என்னவென்று தெரியாத பெரியவர்கள் குறைவு, அந்த ஒரு காகிதம் பாதிப் பயத்தைப் போக்கும்.

சட்டம் பற்றிச் சமூக ஊடகங்களில் நிறைய தவறாக எழுதுகிறார்கள். விலங்குகள் நல வாரியம் 2015-இல் விட்ட சுற்றறிக்கையைக் காட்டி "ஓனர் தடுக்கவே முடியாது" என்கிறார்கள். அது அடுக்குமாடிச் சங்கங்களை நோக்கிப் பேசுவது. "செல்லப்பிராணி கூடாது" என்ற அக்ரிமெண்டில் நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தச் சுற்றறிக்கை உங்களைக் காப்பாற்றாது. நம் கையில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, அக்ரிமெண்டில் வேறு விதமாக நீங்களே ஒத்துக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஆகவே "நாய்க்குத் தனி அட்வான்ஸ்" என்றால் அதுவும் இந்த வரம்புக்குள்தான். தகராறு வந்தால் தண்ணீரையோ கரண்டையோ ஓனர் நிறுத்த முடியாது, வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்றவும் முடியாது. கம்பெனி குவார்ட்டர்ஸ், எஸ்டேட் லைன் போல வேலையோடு கிடைத்த வீட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அங்கே நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குவதுதான் வழி.

குடியிருக்கும்போது நடுவில் ஆட்சேபம் வந்தால் சண்டைக்குப் போகாமல் "என்ன நடந்துச்சுங்கண்ணா, யார் சொன்னாங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு விஷயம் இருக்கும்: படிக்கட்டில் மலம், பிள்ளையைப் பார்த்து உறுமல், விடிகாலைக் குரைப்பு. அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்து 30 நாள் அவகாசம் கேளுங்கள்.

நாயை டீ ஃபேக்டரி வாசலிலோ பஸ் ஸ்டாண்டிலோ விட்டுவிட்டுப் போவது மட்டும் எந்த நிலையிலும் ஒரு வழியே அல்ல. வீட்டில் வளர்ந்த நாய்க்கு இந்த மலையில் தனியாக ராத்திரி கழிக்கத் தெரியாது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இதைக் குற்றம் என்கிறது, முதல் முறைக்கு அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய். ஒரு உயிருக்கு வைத்த விலை அவ்வளவு என்பது எனக்கு ஆறவே இல்லை.

ஓனர் கடைசிவரை மறுத்தால் வேறு வீடு தேட இரண்டு மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே சீசனில் தேடாதீர்கள், காலி வீடெல்லாம் டூரிஸ்ட் காட்டேஜாக ஓடிக்கொண்டிருக்கும். ஜூன் பிறந்ததும் அதே ஓனர்கள் நிலையாகக் குடியிருக்க ஆள் தேடுவார்கள். தரைவீடாக, பொதுச்சுவர் இல்லாததாக, சிமெண்ட் தரையாகப் பாருங்கள். முதல் போனிலேயே நாய் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். வீடு பார்க்கப் போகும்போது நன்றாக நடக்கவிட்டு அசந்துபோன நாயையும் கூட்டிப் போங்கள், ஓனர் அதை நேரில் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.